சூட்டை இறக்குகிற இடம்

கடல்மேல் கப்பலோடு மிதந்துகொண்டிருக்கும் அன்பு மாப்பிள்ளை அவர்களுக்கு, தரையில் நின்றபடியே தத்தளித்துக்கொண்டிருக்கும் மாமனார் எழுதுவது. இங்கு நான், உங்கள் அத்தை, உங்கள் வீட்டுக்காரி பாப்பா மூவரும் நலம். அங்கு நீங்களும், உங்கள் பொறுப்பில் இருக்கும் கப்பல் குளிர் அறைகளும், அவற்றில் விறைத்துக் கிடக்கும் மீன்களும் நலமாக இருக்க வேண்டும். நேற்று ஃபோனில் "கேக் எப்படிப் போச்சு மாமா?" என்று கேட்டீர்கள். "ஜம்முனு போச்சு" என்று சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்தில் பாப்பா நின்றிருந்தாள். போனது உண்மை. ஜம்மென்று போகவில்லை. நடந்ததை எழுதுகிறேன், படித்துவிட்டுக் கடலில் போட்டுவிடவும்.

பாப்பாவின் கேக் தொழிலுக்கு இதுதான் முதல் பெரிய ஆர்டர் என்று உங்களுக்குத் தெரியும். கல்யாண வரவேற்பு, மூன்று அடுக்கு. மண்டபத்துக்காரருக்குப் பிடித்துவிட்டால் இனிமேல் அங்கே நடக்கிற விசேஷத்துக்கெல்லாம் இவள் கேக்தான். சொதப்பினால் பழையபடி தெரிந்தவர் வீட்டுப் பிறந்தநாளுக்கு அரைக் கிலோ, முக்கால் கிலோ என்று காலம் தள்ள வேண்டியதுதான். அவ்வளவு பெரிய கேக் ஃப்ரிட்ஜுக்குள் நுழையாது என்பதால், நடு அறையின் ஜன்னலையெல்லாம் சாத்தி, ஏசியைப் போட்டு, அறையையே ஃப்ரிட்ஜாக்கி, மேஜைமேல் கேக்கை நிறுத்தினாள். ஒட்டுப்போடுவதற்கு எடுத்து வைத்த கிரீம் மட்டும் அதே அறையிலிருக்கும் ஃப்ரிட்ஜில். சாயங்காலம் வண்டி வரும்வரை நான் காவல். மண்டபத்தில் மேஜை அலங்காரம் செய்ய அவளும் உங்கள் அத்தையும் கிளம்பினார்கள். "அப்பா, நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம். அதுதான் நீங்க எனக்குச் செய்யற பெரிய உதவி" என்றாள். ஆயுசு பூராவும் லாரி ஆபீஸில் சரக்கை ஏற்றி இறக்கிய கைக்குச் சும்மா இருப்பதைப் போலக் கஷ்டமான வேலை உண்டா, நீங்களே சொல்லுங்கள்.

அவர்கள் தெருமுனை திரும்பியிருக்கமாட்டார்கள், எதிர் பால்கனியிலிருந்து வக்கீலம்மா கூப்பிட்டார். நம் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சந்து கையை நீட்டினால் கைகுலுக்கிக்கொள்ளலாம் என்கிற அகலம்தான். நம் ஏசியின் வெளிப்பெட்டி விடுகிற அனல் முழுக்கத் தன் ரோஜாத் தொட்டிகளின் மேல்தான் அடிக்கிறது, இதற்கு ஒரு வழி பண்ணாவிட்டால் கேஸ் போடுவேன் என்றார். நான் எட்டிப் பார்த்தேன். பாவம், அந்தப் பெட்டி உச்சி வெயிலில் நின்று அனலாய் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வெயிலில் நிற்பதால்தானே சூடு? நிழல் கொடுத்தால் பெட்டிக்கும் நல்லது, ரோஜாவுக்கும் நல்லது, கேஸும் வராது. ஒரே கல்லில் மூன்று மாங்காய் என்று, பரணிலிருந்த கனத்த கம்பளியை இறக்கிப் பெட்டியை நாலு பக்கமும் மூடி, காற்றில் பறக்காமல் இருக்கக் கயிற்றால் சுற்றி, தார்ப்பாய்க்குப் போடுவோமே, மலைப்பாதையில் போனாலும் அவிழாத முடிச்சு, அதைப் போட்டேன். அனல் நின்றது. வக்கீலம்மா தலையசைத்தார். நானும் என்னை மெச்சிக்கொண்டேன்.

அறைக்குத் திரும்பிக் கேக் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஏசியிலிருந்து வந்த குளிர் வெறும் காற்றானது. பிறகு யாரோ சூடான வாயால் ஊதுகிற மாதிரி ஆனது. கேக்கைப் பார்த்தேன். முகத்தில் ஒரு பளபளப்பு. கேக் வியர்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அதைவிட அதிகமாக வியர்த்தது. உடனே ஏசி மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டேன். எப்போது கூப்பிட்டாலும் "வந்துட்டே இருக்கேன் சார்" என்பாரே, நம் வீட்டில் அவருக்கு அதுதானே பெயர், அவரேதான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கேஸ் போடணும் சார், வேற வழியே இல்ல" என்றார்.

எதிர் பால்கனியை எட்டிப் பார்த்துக்கொண்டே, "யாரு மேல?" என்றேன்.

"உங்க ஏசி மேலதான் சார். வேற யாரு மேல போடுவாங்க?"

"அதுக்குள்ள உங்ககிட்டயும் சொல்லிட்டாங்களா அந்தம்மா?"

"எந்தம்மா? சார், கேஸ் கம்மியா இருந்தா போட்டுத்தானே ஆகணும். வந்துட்டே இருக்கேன்."

அது கோர்ட் கேஸ் இல்லை, ஏசிக்குள் ஓடுகிற கேஸ் என்று எனக்குப் புரிவதற்குள் அவர் வைத்துவிட்டார். அவர் வந்துகொண்டே இருந்தால் என்றைக்கு வந்து சேருவார் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. அதற்குள் கேக்கின் மேல்தட்டு, கூட்டத்தில் ரகசியம் கேட்கிறவர் போல லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தேன். ஃப்ரிட்ஜ்! உள்ளே அத்தனை குளிர் சும்மாதானே அடைந்து கிடக்கிறது என்று கதவை அகலத் திறந்துவிட்டேன். முதலில் சில்லென்று முகத்தில் அடித்ததும் கண்ணில் நீரே வந்துவிட்டது. அப்புறம் ஃப்ரிட்ஜ் உறும ஆரம்பித்தது. உறும உறும அறை இன்னும் வெந்தது. கேக் இன்னும் ஒரு விரற்கடை சாய்ந்தது. உள்ளே இருந்த கிரீமும் தளர ஆரம்பித்தது. இதென்னடா எழவு, குளிரைத் திறந்துவிட்டால் சூடு ஏறுகிறதே என்று ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினேன். சுட்டுவிட்டது மாப்பிள்ளை. தோசைக்கல் கணக்காகச் சுட்டது.

அந்தச் சூட்டில்தான் போன லீவில் சாப்பிடும்போது நீங்கள் சொன்னது மண்டையில் ஏறியது. "மாமா, இது குளிரை உண்டாக்குற மெஷின் இல்ல. சூட்டைக் கடத்துற மெஷின்" என்றீர்கள். கடத்தல் என்றதும் நான் சிரித்துவிட்டு ரசம் கேட்டேன். இப்போது புரிந்தது. உள்ளே ஓடுகிற கேஸ்தான் லாரி. அறைக்குள் காலியாக வந்து சூட்டை ஏற்றிக்கொள்கிறது. கம்ப்ரசர் அதை நெருக்கிப் பிழிந்து வெளியே தள்ள, பின்னாலிருக்கும் கம்பியிலோ வெளிப்பெட்டியிலோ சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பவும் காலியாக வருகிறது. ஃப்ரிட்ஜ் இந்த அறையிலேயே ஏற்றி இந்த அறையிலேயே இறக்குகிறது, கம்ப்ரசர் உழைத்த கூலி வேறு மேல்சூடாக. ஏசியோ சரக்கை ஏற்றிக்கொண்டு போய் நிற்கிறது, இறக்குகிற இடத்தில் நான் கம்பளி போட்டு, கயிறு கட்டி, மலைப்பாதை முடிச்சும் போட்டு வைத்திருக்கிறேன். லாரி ஆபீஸில் எந்த முட்டாளாவது இறக்குகிற கிடங்கைப் பூட்டிவிட்டு ஏற்றிக்கொண்டே இருப்பானா? இருந்தான் மாப்பிள்ளை, உங்கள் மாமனார்.

ஃப்ரிட்ஜை அறைந்து சாத்திவிட்டு ஓடினேன். முடிச்சு அவிழ மறுத்தது. என் கை வேலை அல்லவா. ஸ்க்ரூ டிரைவரை உள்ளே குத்தி நெம்பினேன். எங்கோ 'ணங்' என்றது, நான் கண்டுகொள்ளவில்லை. கம்பளியை உருவினால் பெட்டி அடுப்பு மாதிரி கொதித்துக்கொண்டு, மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்கிறது. எதிரில் வக்கீலம்மா. நான் கைகூப்பி, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இது ஓட ஆரம்பிச்சா சூடெல்லாம் என் செடி மேலதானே வரும்?" என்றார்.

"ஆமாங்க. இறக்குறதுக்கு வேற இடம் இல்லீங்க."

அவர் ஜன்னல் வழியாகக் கேக்கை ஒரு பார்வை பார்த்தார். ரோஜாத் தொட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே நகர்த்தினார். பிறகு தன் வீட்டு ஃபேனைக் கொண்டு வந்து பெட்டியைப் பார்க்கத் திருப்பிவைத்துவிட்டு, "முதல்ல கேக் நிக்கட்டும். கேஸை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

பெட்டி ஆறியது. ஆறுகிற நேரம் முழுக்கச் சாய்கிற அடுக்குக்கு முட்டுக் கொடுப்பதா, தொட்டால் விரல் பதியுமா என்று இரண்டு கையையும் தொடாமல் நீட்டிக்கொண்டு, குழந்தைக்கு நடை பழக்குகிறவன் மாதிரி நின்றேன். கடைசியில் வெளியே 'கடகட' என்று ஒரு சத்தம். என் ஆயுளில் இவ்வளவு இனிமையான சத்தம் கேட்டதில்லை. குளிர் வந்தது. கேக் சாய்ந்த இடத்திலேயே இறுகி நின்றது.

பாப்பா வந்தாள். கேக்கைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "தொட்டீங்களா?" என்றாள். "அதைத் தொடலை" என்றேன், அட்சரம் பிசகாத உண்மை. பல்லைக் கடித்துக்கொண்டு, சாய்ந்த பக்கம் முழுக்கப் பூக்களைச் செருகி நிமிர்ந்த மாதிரி காட்டிவிட்டாள். வண்டியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் கண்ணை மூடினாள், நான் மூச்சை நிறுத்தினேன். மண்டபத்துக்காரர் தலையைக் கேக்குக்குச் சமமாகச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ருசி அருமை. வர்ற ஞாயித்துக்கிழமைக்கும் ஒண்ணு வேணும், இதே மாதிரி. ஆனா நேரா" என்றார்.

ஆகவே மாப்பிள்ளை, பாப்பாவின் தொழில் பிழைத்தது, எனக்கும் புத்தி வந்தது. இனி எந்த மெஷின் சூட்டை இறக்குகிற இடத்திலும் குறுக்கே நிற்கமாட்டேன். நீங்கள் போகிற கடல் அமைதியாக இருக்கட்டும், உங்கள் கம்ப்ரசர்கள் மூச்சுமுட்டாமல் ஓடட்டும், நீங்கள் நல்லபடியாகத் திரும்பி வந்து எனக்கு மறுபடியும் பாடம் எடுக்கும் பாக்கியம் கிடைக்கட்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்.

பி.கு.: இதை ஒட்டுவதற்குள் 'வந்துட்டே இருக்கேன்' நிஜமாகவே வந்துவிட்டார். குழாயில் ஸ்க்ரூ டிரைவர் குத்திய ஊசிமுனை ஓட்டையாம், உள்ளே இருந்த கேஸ் அது வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பூராவும் போய்விட்டதாம், ஓட்டையை அடைத்துக் கேஸ் போட அடுத்த வாரம் ஆகுமாம். 'ணங்' என்றது அதுதான் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கேக் இப்போது வக்கீலம்மா வீட்டு ஏசியில் நேராக நிற்கிறது. அவர் வீட்டு வெளிப்பெட்டி நம் ஜன்னலைப் பார்த்து இருக்கிறது மாப்பிள்ளை. அனல் தாங்க முடியவில்லை. கம்பளியைத் தேடினேன், பாப்பா அதை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறாள்.