பத்து விநாடி மௌனம்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். நீங்களும் மகளும் நலமென்றே நம்புகிறேன். வானொலிப் பெட்டியைப் பற்றிக் கேட்கத் தேவையில்லை.

நமது வானொலி நிலைய வரலாற்றில் பொன்னெழுத்துகளில் பொறிக்க வேண்டிய முடிவொன்று நேற்று எடுக்கப்பட்டது. நிர்வாகக் குழு மூன்று மணி நேரம் விவாதித்து, நடுவில் இருமுறை தேநீர் அருந்தி, ஒலிபரப்பு அறையின் மூலையிலுள்ள ஒரு பொத்தானை அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அணைப்பதென ஏகமனதாகத் தீர்மானித்தது. அணைக்கும் விரல் என்னுடையது. அதற்கு உங்கள் அனுமதி வேண்டியே இக்கடிதம்.

ஒலிபரப்பு பத்து விநாடி ஊமையானால் தானே ஓடுமே, அந்த அவசர நாடாவின் பொத்தான்தான் அது. அத்தான் அறிவிப்பாளராகச் சேர்ந்த வாரம் பதிவு செய்தது: "சிறு தடங்கல். வருந்துகிறோம். எங்கும் போய்விடாதீர்கள், இங்கேதான் இருக்கிறோம்." அவர் காலமாகி ஒன்பது வருடமாகியும் யாரும் அதை மாற்றவில்லை. மாற்றுவதற்கு மற்றதெல்லாம் இருந்தது. முதலில் காய்கறி விலையும் வானிலையும் சொன்னோம். பண்பலை வந்து நேயர்களை அள்ளிக்கொண்டு போனதும் பழைய பாட்டுக்கு மாறினோம். பிறகு இருபத்துநான்கு மணி நேரச் செய்தி. இருந்த இரண்டு நிருபர்களும் மூன்றாம் நாளே ஒருவரையொருவர் பேட்டி கண்டார்கள். பிறகு மருத்துவ ஆலோசனை. டாக்டர்தான் நேயர்களிடம் தன் முழங்கால் வலிக்கு வழி கேட்டார். போன மாதம் முதலாளியின் மருமகன் வந்து, "இனிமே தியானம். கொஞ்சம் இசை, நிறைய மௌனம்" என்றார்.

"மௌனத்தை யாரு சார் கேப்பாங்க?"

"இப்ப மட்டும் யாரு கேக்கறாங்க?"

மௌனம் தொடங்கிய பத்தாவது விநாடி அத்தான் வந்தார். ஒரு நாளைக்கு நாற்பது தடவை வந்தார். "உங்க அத்தான் ரிட்டயரே ஆகமாட்டாரா?" என்று மருமகன் கத்தினார். அதுகூடப் பரவாயில்லை அக்கா. போன செவ்வாய்க்கிழமை, வழக்கமான வாசகம் முடிஞ்சதும், "மச்சான், அந்த நாற்காலியில உக்காராதே, கால் ஆடுது"ன்னார். நான் ஏற்கெனவே உக்காந்தாச்சு. விழுந்து எழுந்து, இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே இயந்திரத்தைத் திறந்து பார்த்தேன். நாடா எப்பவோ அறுந்துபோய், சக்கரம் வெறுமனே சுத்திக்கிட்டிருந்தது. மூடிட்டேன். குழுவிடம் சொல்லவில்லை, சொன்னால் அதற்கொரு துணைக்குழு போடுவார்கள்.

உங்கள் மகள் ஃபோனில் சொன்னாள்: "மாமா, அம்மா ரேடியோவுக்குப் பதில் சொல்றாங்க. 'இதோ வர்றேன், அதுக்குள்ள என்ன அவசரம்?'ங்கறாங்க. அவங்க இப்படிச் சிரிச்சு ஒன்பது வருஷமாச்சு."

அதனால்தான் கேட்கிறேன். அணைத்தால், அத்தானை உங்களிடமிருந்து இரண்டாம் முறை பறித்தவன் நானாவேன். அணைக்காவிட்டால் வேலை போகும். வேண்டாமென்று ஒரு வரி எழுதுங்கள், போதும். விரலை மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறேன்.

உங்கள் ஆசி என்றும் வேண்டும்,
தம்பி

பி.கு.: யோசித்து யோசித்து எழுதியதில் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. மருமகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்தில் நிற்க, பத்து மணிக்கு அணைத்தேன். விளக்கு அணைந்தது, சக்கரம் நின்றது. பத்து விநாடி கழித்து ஒலிபெருக்கியில் அதே வாசகம் வந்தது. குரல் உங்களுடையது.

"யாரு இந்தம்மா?" என்றார் மருமகன்.

"எங்க அக்கா."

"உங்க குடும்பத்துல இன்னும் எத்தனை பேரு?"

பத்தேகாலுக்கு உங்கள் மகள் அழுதுகொண்டே அழைத்தாள். கடிதத்துக்குத் தபால்தலை ஒட்டவில்லை.