வெளிச்சத்துக்குக் காத்த கல்யாணம்

மெராப்பி எரிமலையடியில் வாரமெல்லாம் லாரிக்கு மணல் வாரிக் கொட்டிய தோள் தர்சோவுக்கு விண்விண்ணென்று தெறித்தது. அந்தத் தோளில்தான் கேமரா தொங்கியது. உள்ளே ஒரே ஒரு பிலிம் ரோல்.

அண்ணன் கல்யாணமாகாமல் இருக்கத் தங்கை முந்திக் கல்யாணம் செய்தால், ஊர் வழக்கப்படி அண்ணன் கேட்ட சீரைக் கொடுத்தாக வேண்டும். தங்கை லெஸ்தாரியிடம் அவன் ஆடு கேட்கவில்லை, வேட்டி கேட்கவில்லை. நிக்காஹ் படத்தைத் தானே எடுக்க வேண்டும், பகல் வெளிச்சத்தில், பிலிமில். அவ்வளவுதான்.

பந்தலைப் பார்த்ததும் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீலத் தார்ப்பாய்.

"யாருய்யா இதைக் கட்டினது? படத்துல எல்லாரும் விஷம் குடிச்ச மாதிரி நீலமா இருப்பீங்க. அவுத்து எறிங்க."

அவிழ்த்தார்கள். வெயில் நேரே இறங்கியது. மணப்பெண் நெற்றியில் வரைந்திருந்த கறுப்பு மை உருகி மூக்குக்கு வந்தது.

"விடியக்காலையிலேர்ந்து உக்காந்து வரைஞ்சேன்டா, பாவி" என்றாள் அத்தை சுமியாத்தி.

"உங்க மை உருகினா அதுக்கும் நானா பொறுப்பு?"

சமையல்கட்டுப் பின்வாசலில் வெளிச்சம் இதமாக இருந்தது. விருந்தாளிகளை முற்றத்திலேயே விட்டுவிட்டு, அப்பா, மணமக்கள், நிக்காஹ் நடத்த வந்த காஜியார் எல்லாரையும் பாயோடு அங்கே நகர்த்தினான். அடுப்புப் புகை மாப்பிள்ளை பூர்வோவின் கண்ணைக் கரித்தது.

"மாப்ள அழுவுறாரே. கழுத்தைப் புடிச்சுக் கட்டி வைக்கிறோம்னு ஊரு பேசும்" என்றாள் அத்தை.

"அடுப்பை அணைங்க."

"கறி பாதி வேக்காட்டுல நிக்குது, தம்பி" என்றார் சமையல்காரர்.

"கறி பெருசா, கல்யாணம் பெருசா?"

அடுப்பு அணைந்தது. அதற்குள் வானம் மூடிக்கொண்டது.

"அப்பா, நிக்காஹ் சொல்றப்ப புடிக்கிற மாதிரி மாப்ள கையைப் புடிங்க. வெளிச்சம் கம்மி, ஒவ்வொரு படத்துக்கும் நேரம் புடிக்கும். வாயை அசைச்சா மூஞ்சி கலைஞ்சிரும். யாரும் பேசக் கூடாது."

காஜியார் தொண்டையைச் செருமினார்.

"நீங்களும்தான், காஜியாரே."

ரோல் தீரும்வரை எடுத்தான். கை பிடித்ததை எட்டிப் பார்த்த முற்றத்துக் கூட்டம், வேகாத கறிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, மழைக்கு முன் வீடு போய்ச் சேரக் கிளம்பியது. வாழ்த்திவிட்டுக் கடைசி ஆளும் போனார்.

"ஒரு ஆளாவது நல்லா எடுத்தேன்னு சொன்னானா?" தர்சோ பொரிந்தான். "மணல் அள்றவன் கேமராவைத் தொட்டா அவ்வளவு எளக்காரம்."

காஜியார் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"படம் நல்லாத்தான் வந்திருக்கும், தம்பி. இப்பவாவது நாங்க வாயைத் திறக்கலாமா? நிக்காஹ் இன்னும் பாக்கி."