தாத்தா துப்பாக்கியும் என் தாராள கிளியரன்ஸும்

லேத் ஓட்டுகிறவன் வரைபடத்தைப் பார்த்துக் கடைந்தால் பிழைத்துக்கொள்வான். சொந்தமாக யோசிக்க ஆரம்பித்தால்தான் வினை. நான் யோசித்தேன்.

அஜ்மானில் ஒரு பட்டறையில் வேலை. ஊரில் எனக்குக் கல்யாணத் தேதி குறித்துவிட்டார்கள். லீவு மட்டும் கிடைக்கவில்லை. எப்போது கேட்டாலும் எங்கள் அர்பாப் (முதலாளிதான், அரபி) "பாத் மே, பாத் மே", அப்புறம் பார்க்கலாம் என்று கையை ஆட்டிவிடுவார்.

ஒருநாள் அவரே ஒரு பழைய துப்பாக்கியோடு வந்தார். அவருடைய தாத்தாவுடையது. குழாயை எப்போதோ அடைத்துவிட்டார்கள், இனி சுடாது. மகன் கல்யாணத்தில் ஆடும்போது சுழற்றி மேலே எறிந்து பிடிக்க மட்டும்தான். பின்பக்கம் செருகும் போல்ட் தொலைந்துபோயிருந்தது.

"முருகேஸ், தும் பனாவோ. அச்சா பனேகா தோ காவ் ஜாவோ, ஷாதி கரோ."

நன்றாகச் செய்தால் லீவு! எனக்குத் தலைகால் புரியவில்லை.

போல்ட் துளைக்குள் சிக்கென்று உட்கார வேண்டும். வேறு பூட்டு கிடையாது. மயிரிழை இடைவெளி போதும்; பட்டறையில் அதற்குக் கிளியரன்ஸ் என்று பெயர். அங்கேதான் என் மூளை மூக்கை நுழைத்தது. அவர் மகன் கல்யாணம் மே மாதம், திறந்தவெளியில். வெயிலில் இரும்பு விரியும். விரிந்தால், எண்ணெயில் போட்ட வடையின் ஓட்டை மாதிரி இந்தத் துளையும் சுருங்கிவிடுமே!

வெல்டர் நிஜாம் காக்கா, காயல்பட்டினத்துக்காரர் (அங்கே காக்கா என்றால் அண்ணன்), தலையில் அடித்துக்கொண்டார். "சூடானா ஓட்டையும்தானப்பா பெருசாவும்! பேரிங்கைச் சூடு பண்ணித்தானே தினமும் ஷாஃப்ட்ல ஏத்துறே?"

"அது பேரிங், இது துப்பாக்கி காக்கா" என்றேன். (அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் காது கூசுகிறது.)

போல்ட்டை இன்னும் கொஞ்சம் மெலிதாகக் கடைந்து தள்ளினேன். பூசிய கிரீஸ் ஏசி அறையில் இறுகிப் பிடித்து வைத்ததால் போல்ட் நின்றது. அர்பாப் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அர்பாப் மகன் கல்யாணத்தன்று மேளம் முழங்க, அவரே துப்பாக்கியைச் சுழற்றி மேலே எறிந்தார். துப்பாக்கி கைக்குத் திரும்பி வந்தது. வெயிலில் கிரீஸ் உருகிய போல்ட் வரவில்லை. அது தனியாகப் பறந்து, சம்பந்தியின் முன்னாலிருந்த மந்தி என்கிற அரபு பிரியாணியில் செங்குத்தாகச் சொருகி நின்றது. மேளம் நின்றது. என் கல்யாணமும் அத்தோடு நின்றுவிட்டதென்றே நினைத்தேன்.

சம்பந்தி அதைச் சோற்றிலிருந்து உருவி, துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார். கூட்டமே சிரித்தது. அர்பாப் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"கலாஸ் முருகேஸ்! கல் தும் காவ் ஜாவோ. இதர் ரஹேகா தோ மேரா லேத் பீ உடேகா!"

போதும், நாளைக்கே ஊருக்குப் போ, நீ இங்கே இருந்தால் என் லேத்தும் பறந்துவிடும் என்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் காக்கா எடுத்த வீடியோ எனக்கு முன்னாலேயே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. முகூர்த்தத்தில் தாலியைக் கையில் எடுத்தேன். கெட்டிமேளத்தையும் மீறி மச்சான் கத்தினான்: "மாப்ள, முடிச்சுல மட்டும் கிளியரன்ஸ் விட்றாதீங்க!"

மணமேடையில் குனிந்த தலையோடு சிரித்தவள், இன்றும் எங்கள் சண்டை முற்றினால் கழுத்துக் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள்.

"ம்ஹூம், இதை மட்டும் டைட்டாக் கட்டித் தொலைச்சிருக்கீங்க!"