மாப்பிள்ளை போட்ட வெயில் டூர்

குடும்பத்தோடு போகும் டூருக்குத் திட்டம் போடுகிறவன் பாவம். ஹோட்டல் தலையணை கல் மாதிரி இருந்தால் அவன் பொறுப்பு. இட்லிக்குச் சட்னி தீர்ந்துபோனால் அவன் பொறுப்பு. சூரியன் வராவிட்டாலும் அவனைத்தான் முறைப்பார்கள். என்னை முறைத்ததில் மட்டும் நியாயம் இருந்தது. ஏனென்றால் சூரியனுக்கு நானே வாய்விட்டு உத்தரவாதம் கொடுத்திருந்தேன்.

நான் சேலத்துக்காரன். ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. வரப்போகிற ஆபத்தையெல்லாம் முன்கூட்டியே சொல்லி அடுத்தவரைப் பயமுறுத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம். (இதை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படித்தால் உங்களுக்குக் கூடுதலாகச் சிரிப்பு வரும்.) மனைவி ஸ்டெல்லாவுக்கு ஏற்காட்டுக்குப் பக்கத்தில் மஞ்சக்குட்டை. அவள் சேலத்தில் படிக்க வந்தபோது பழகி, இரண்டு வீட்டிலும் கெஞ்சி, மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசித்து நடந்த கல்யாணம் எங்களுடையது.

என் மாமனார் அருளப்பன் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியும் அவர் என்னை 'சார்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "வாங்க சார்." "சாப்டீங்களா சார்." "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க சார்." கடைசி வாக்கியத்தை மட்டும் கொஞ்சம் உற்சாகமாகச் சொல்வார். ஆயுசு முழுக்க எஸ்டேட் மேனேஜர்களிடம் வேலை பார்த்தவர். அவர் அகராதியில் 'சார்' என்பது தூரமாக நிற்க வேண்டிய ஆளுக்கான பெயர். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர் வாயால் 'மாப்ள' என்று கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஏக்கம்.

அதற்கு ஒரு நவம்பர் மாதம் வழி பிறந்தது. மலையில் பனிமூட்டமும் தூறலும் விடாமல் பிடித்துக்கொண்டன. மாமனாருக்கு முழங்கால் வலி. "வெயில் இருக்கற ஊருக்கு ஒருவாரம் போய்ட்டு வாங்க" என்று சேலம் டாக்டர் சொல்லிவிட்டார். என் மாமியார், அதாவது அத்தைக்கோ வேறு கவலை. துவைத்த துணி காய்ந்து மூன்று வாரமாகியிருந்தது. அடுப்படியில் கொடி கட்டிக் காயப்போட்டதால், வீட்டில் எல்லோர் மீதும் ரசம் தாளித்த வாசனை வீசியது.

"காலையில போட்டா மத்தியானத்துக்குள்ள மொடமொடன்னு காயணும் தம்பி. அந்த மாதிரி ஊருல ஒரு நாளாச்சும் இருக்கோணும்" என்றார் அத்தை.

நான் எழுந்து நின்றேன். "விடுங்க. நான் பாத்துக்கறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்ததும் என் லேப்டாப்பை டிவியோடு இணைத்தேன். திரையில் இலங்கை. வடக்குக்கு மஞ்சள், கிழக்குக்கு ஆரஞ்சு, மலையகத்துக்குப் பச்சை, தெற்குக்கும் மேற்குக்கும் சிவப்பு என்று நான்கு வண்ணம் தீட்டியிருந்தேன். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு படம். எல்லாப் படத்திலும் வெயில் கொட்டியது. டிசம்பர் தொடக்கத்தில் கிளம்பி, கிறிஸ்துமஸுக்கு முன்னால் திரும்புவதாகத் திட்டம்.

ஸ்டெல்லாவின் தம்பி லாரன்ஸ் மட்டும் தலையைச் சொறிந்தான். மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் ஜீப் ஓட்டுகிறவன். "ஏனுங்க மாமா, அங்கயும் இப்ப மழையா இருக்காதுங்களா?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன்போல் சிரித்தேன். "லாரன்ஸு, இப்பப் பெய்யறது என்ன மழை? வடகிழக்குப் பருவமழை. எங்கிருந்து வருது? கிழக்க இருந்து. இலங்கை எங்க இருக்கு? நமக்குக் கிழக்க. அப்போ மழை அங்க பேஞ்சு முடிச்சுட்டுத்தானே இங்க வரும்? இங்க வந்துருச்சுன்னா அங்க காலி!"

(இலங்கை நமக்குத் தென்கிழக்கே இருக்கிறது என்பதும், மழை வாடகை வீட்டைக் காலிசெய்வதுபோல் ஓர் ஊரை விட்டு அடுத்த ஊருக்குப் போவதில்லை என்பதும் எனக்குப் பின்னால்தான் உறைத்தது. இத்தனைக்கும் நான் பேசும்போது முதுகுக்குப் பின்னால் வரைபடம் டிவியில் தொங்கிக்கொண்டிருந்தது.)

லாரன்ஸ் மலைப்பாதையில் லாரி வந்தால் ஒதுங்கி வழிவிட்டுப் பழகியவன். ஒதுங்கிவிட்டான். மாமனார் மட்டும் முதன்முறையாக என்னைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார். "சார் நல்லாத்தான் விசாரிச்சிருக்காருங்க" என்று அத்தையிடம் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தலைகால் புரியாதவன் அடுத்துச் செய்த காரியம்தான் மகா பாவம். கிளம்புவதற்கு முந்தின நாள் எல்லோருடைய பெட்டியையும் சோதனை போட்டேன். ஸ்வெட்டர்களை வெளியே எடுத்தேன். குடைகளை வெளியே எடுத்தேன். ஜெபப் புத்தகத்துக்கு அடியில் மாமனார் மறைத்து வைத்திருந்த மங்கி குல்லாவைக்கூடக் கண்டுபிடித்துப் பறிமுதல் செய்தேன்.

"இருக்கட்டுங்க சார், வயசான காதுங்க..." என்று கெஞ்சினார் அவர்.

"மாமா, வெயில் மண்டையப் பொளக்கும். இதப் போட்டுட்டு என்ன பண்ணப் போறீங்க?"

அதற்குப் பதிலாக எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி, ஓலைத் தொப்பி, வெயிலுக்குப் பூசும் களிம்பு, பூப்போட்ட அரைக்கால் சட்டை (ஆண்களுக்கு மட்டும்) வாங்கிக் கொடுத்தேன். அத்தை தன் பங்குக்கு நைலான் கயிறும் துணிக்கு மாட்டும் கிளிப்புகளும் எடுத்துக்கொண்டார். லாரன்ஸ் ஜீப்பை வைத்துக்கொண்டு வீட்டிலேயே தங்கிவிட்டான். அந்தக் குடும்பத்தில் புத்திசாலி அவன்தான்.

திருச்சியில் விமானம் ஏறிக் கொழும்பில் இறங்கினோம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், பளீரென்று வெயில்! நானே திருகிவிட்ட பல்பு மாதிரி வானத்தைக் காட்டி, "எப்படி?" என்றேன். மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தலையாட்டினார். அந்த நிமிஷம் அங்கேயே உட்கார்ந்திருந்தால் என் மானம் பிழைத்திருக்கும். ஆனால் என் திட்டத்தில் தெற்கும் மேற்கும் கடைசி. நன்றாகக் காய்ந்துகொண்டிருந்த ஒரே பக்கத்தை விட்டுவிட்டு, ஒரு வேன் பிடித்துக் குடும்பத்தைக் கிழக்கு நோக்கி ஓட்டிக்கொண்டு போனேன்.

பாதி வழியில் முதல் துளி விழுந்தது. "சும்மா கடந்து போற மழை" என்றேன். முக்கால் வழியில் முன்னால் போன பஸ் தெரியவில்லை. "நாமதான் அதைக் கடந்து போயிட்டிருக்கோம்" என்றேன். திருகோணமலையில் இறங்கியபோது கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒரே சாம்பல் நிறத்தில் ஊற்றிக்கொண்டிருந்தன.

நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மா வாசலுக்கு வந்து, ஓலைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகச் சொட்டச் சொட்ட நின்ற எங்களை மேலும் கீழும் பார்த்தார். "இந்த மாசம் இஞ்ச ஒருத்தரும் வாறேல்லையே. நீங்கள் ஏன் வந்தனீங்கள்?"

அறையைப் பாதி வாடகைக்குப் பேசி முடித்தது என் சாமர்த்தியம் என்று ஸ்டெல்லாவிடம் ஊர்ப்பட்ட பெருமை அடித்திருந்தேன். ஸ்டெல்லா மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

அங்கே இருந்த நாட்களில் மாமனார் பூப்போட்ட அரைக்கால் சட்டையில் வராந்தாவில் உட்கார்ந்து, முழங்காலைத் தேய்த்தபடி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை அறைக்குள் கயிறு கட்டித் துணி காயப்போட்டார். வீட்டில் ரசம் வாசனை அடித்த துணி இங்கே மீன்குழம்பு வாசனை அடித்தது. வடக்கிலும் இதே கதை என்று தெரிந்ததும் யாழ்ப்பாணத்தை வெட்டினேன். மூளை வேகமாக வேலை செய்தது. (அதுதான் எப்போதும் பிரச்சினை.) மழை எங்கிருந்து வருகிறது? மேகத்திலிருந்து. மேகத்துக்கு மேலே போய்விட்டால்?

"நுவரெலியா போறோம்" என்று அறிவித்தேன்.

மேகத்துக்கு மேலே போகவில்லை, நேராக அதற்கு உள்ளே போய்ச் சேர்ந்தோம். வேனை விட்டு இறங்கியபோது எதிரே ஓர் ஏரி. ஏரியில் மிதிபடகு. கரையில் சுண்டல், சோளம், ஸ்வெட்டர் விற்கும் கடைகள். எல்லாவற்றின் மீதும் போர்த்திய மாதிரி மூடுபனி. பல் கிட்டிக்கும் குளிர்.

அத்தை நாலாபக்கமும் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு கேட்டார். "ஏனுங் தம்பி, சுத்திச் சுத்தி நம்ம ஏற்காட்டுக்கே வந்துட்டமுங்களா?"

அந்தச் சமயம் பார்த்து லாரன்ஸ் வீடியோவில் கூப்பிட்டான். அவனுக்குப் பின்னால் மஞ்சக்குட்டை வீட்டு வாசல் தகதகவென்று மின்னியது. கொடி முழுக்கத் துணி. "நீங்க போன மறுநாள்ல இருந்து இங்க நொம்ப வெயிலுங்க மாமா! போர்வை, மெத்தை எல்லாம் காயப்போட்டுட்டேன். அங்க எப்பிடீங்க?" என்றான். எங்கள் நால்வரின் மூச்சும் புகையாகப் போய்க் கேமராவை மறைத்துவிட்டதால் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அத்தை மட்டும் போனை வாங்கி, அந்தக் கொடியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை எழுந்தால் மாமனார் படுக்கையில் இல்லை. கட்டில் கம்பளியும் இல்லை. குளியலறையில் இல்லை, சாப்பாட்டுக் கூடத்தில் இல்லை. வெளியே மழை, நான்கடிக்கு மேல் கண் தெரியாத மூட்டம், சரிவான ஈரப் பாதை, பக்கத்தில் பள்ளம். அவருக்கோ வலிக்கிற முழங்கால். ஸ்டெல்லா முகம் வெளுத்துவிட்டது. "அப்பாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா..." என்று ஆரம்பித்தாள். நிஜமாகவே பயந்தேன். என் கோணல் மூளைக்கு ஒரு மனுஷர் பலியாகிவிட்டாரோ? போட்டிருந்த பூப்போட்ட அரைக்கால் சட்டையோடு, தலை நனையாமலிருக்கக் கையில் அகப்பட்ட ஓலைத் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு, "மாமா! மாமா!" என்று கத்திக்கொண்டே தேயிலைச் சரிவில் ஓடினேன். இரண்டு தடவை சறுக்கி விழுந்தேன். கொழுந்து பறிக்க வந்த பெண்கள் கூடையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

கடைசியில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. இரண்டு வருஷத்தில் நான் கேட்டறியாத சிரிப்பு. எட்டிப் பார்த்தேன். ஹோட்டல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தலையில் யாரோ கொடுத்த மங்கி குல்லாவோடு, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் மாமனார். எதிரே அந்த எஸ்டேட்டின் கணக்கப்பிள்ளை, அவர் வயதுக்காரர். இருவர் கையிலும் தேநீர். நிழல் மரத்தின் கிளைகளை எப்போது கழிக்க வேண்டும், சம்பளத்தன்று எந்த மேனேஜர் எப்படி ஓடி ஒளிவார் என்று பேச்சு பறந்தது.

நான் சேறு வழிய வாசலில் நின்றேன். மூச்சு வாங்கியது. மாமனார் என் தொப்பியைப் பார்த்தார், முழங்கால் சிராய்ப்பைப் பார்த்தார். எழுந்து வந்து கம்பளியில் பாதியை எடுத்து என் தோளில் போட்டார்.

"இவருதானுங்க எங்க மாப்ள" என்றார் கணக்கப்பிள்ளையிடம். "இந்த டூரு பூராத்தையும் இவருதான் போட்டாரு."

கணக்கப்பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தார். கொட்டகைக்கு வெளியே கொட்டும் மழையைப் பார்த்தார். "அப்படிங்களா... உள்ள வாங்க, உக்காருங்க" என்று, துக்க வீட்டில் சொல்கிற குரலில் சொன்னார்.

எத்தனையோ பேர் பட்டு வேட்டியில் வாங்கும் பட்டத்தை நான் பூப்போட்ட அரைக்கால் சட்டையில் வாங்கினேன். பரவாயில்லை.

கடைசி நாள் தெற்குக் கடற்கரைக்கு வந்தோம். அங்கே வெயில் காத்திருந்தது. அத்தை இரண்டு தென்னைக்கு நடுவே கயிறு கட்டி, ஈரத்துணி தீர்ந்தபின் காய்ந்த துணியையும் நனைத்துப் போட்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து சினிமா பார்ப்பதுபோல் பார்த்தார். வெள்ளைக்காரர்கள் அதைப் படம் பிடித்தார்கள். மாமனார் மணலில் காலை நீட்டி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் திரும்பிப் பார்த்தார்.

"நொம்பச் சுடுதுங்க மாப்ள. ரூமுக்குப் போயி ஏசி போட்டுக்கலாமுங்களா?"

திரும்பி வந்தபோது அடிவாரத்தில் லாரன்ஸ் ஜீப்போடு நின்றான். வானத்தில் ஒரு மேகம் இல்லை. நான் முன் சீட்டில் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகள் பாதி ஏறுவதற்குள் கண்ணாடியில் சடசடவென்று தூறல். லாரன்ஸ் என் முகத்தைப் பார்க்காமல் வைப்பரைப் போட்டான். பின் சீட்டில் மூன்று பேரும் சிரிப்பை அடக்கப் பாடுபட்டதில் ஜீப்பே குலுங்கியது.

செய்தி அன்றைக்கே மலைமேல் வெள்ளக்கடை கிராமம் வரைக்கும் போய்விட்டது. மலையில் எப்போது தூறினாலும் "அருளப்பன் ஊட்டு மாப்ள எங்கியோ டூரு கெளம்பிட்டாராட்ட இருக்குது" என்கிறார்கள். அதோடு விட்டார்களா? காப்பிச் செடி மொட்டு விட்டதும் ஒரு மழை பெய்தால்தான் பூக்கும். போன மார்ச்சில் மழை வராமல் மொட்டு கருகத் தொடங்கியபோது, மாமனார் வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டக்காரர் எனக்கே போன் போட்டார். "ஏனுங் மாப்ள, பூவுக்கு மழை வேணுமுங்க. எங்கியாச்சும் நல்ல வெயிலான ஊராப் பாத்து ஒரு டூரு போடுங்க சாமி."

சிரித்துவிட்டு, விளையாட்டுக்குக் கன்னியாகுமரியில் இரண்டு நாளைக்கு ஓர் அறை பதிவு செய்தேன். அன்றைக்குச் சாயங்காலமே மலையில் பிடித்துக்கொண்டது. மறுநாளும் பெய்தது. அதற்கு மறுநாள் காலையில் லாரன்ஸ் அவசரமாகக் கூப்பிட்டான்.

"மாமா, பூவுக்கு வேண்டிய மழை வந்துருச்சுங்க. இதுக்கு மேல பேஞ்சா மொட்டு கொட்டிப் போயிருமுன்னு அப்பா சொல்லறாரு. அந்த ரூமைக் கேன்சல் பண்ணீருங்க."

பண்ணினேன். மத்தியானத்துக்குள் வெயில் வந்துவிட்டதாம்.