நல்லண்ணனும் நாலு பெட்ஷீட்டும்

'தெரியாது' என்ற ஒரே சொல்லுக்காகச் சம்பளம், பதவி, மதியச் சாப்பாடு மூன்றையும் பணயம் வைக்கக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் பிறந்தார். அவர் கொடைக்கானலில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில், குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெயர் நல்லண்ணன்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. இது நாங்கள் வைத்தது. கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்தில் 'ஆம்' என்று போடலாம், 'இல்லை' என்று போடலாம், ஒன்றுமே போடாமல் காலியாகவும் விடலாம். காலி என்றால் 'இன்னும் தெரியாது' என்று பொருள். ஆங்கிலத்தில் அதற்கு 'நல்' என்று பெயர். அண்ணன் நாள் முழுக்க அந்த ஒரு வார்த்தையைத்தான் ஓதிக்கொண்டிருப்பார். "தெரியலைன்னா நல்லுனு விடுலே, பொய்யி சொல்லாத." அப்படி அவர் நல்லண்ணன் ஆனார். கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலின் விடுதிக்காரர்கள் அவருடைய குணத்தைப் பார்த்து வைத்த பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். யாரும் திருத்தவில்லை.

2007 வாக்கில் நடந்த கதை இது. மலையில் உள்ள சின்னச் சின்ன விடுதிகளின் அறைகளை இணையத்தில் பதிவு செய்து கொடுப்பது எங்கள் கம்பெனியின் வேலை. நான் சேர்ந்தபோது நாலு பேர். ஆறே மாதத்தில் முப்பது பேர். நாற்காலி மட்டும் பதினெட்டு. தாமதமாக வருகிறவன் பிரிண்டர் வந்த அட்டைப்பெட்டியில் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தபடியே ஒருவன் டீம் லீடர் ஆனான். சர்வருக்கு ஏசி கிடையாது, ஜன்னலைத் திறந்துவைப்போம். சில நாள் மேகம் உள்ளே வந்து அதன் மேல் படுத்துக்கொள்ளும். நல்லண்ணன் தன் துண்டால் துடைத்துவிடுவார், காய்ச்சல்காரனுக்கு நெற்றியைத் துடைப்பதுபோல.

என் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரி முடித்து இரண்டு வருடம் திண்டுக்கல்லில் சும்மா இருந்தேன். அப்பா என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு என் தட்டைப் பார்க்க ஆரம்பித்த பிறகு, 'ஜாவா நிபுணர்' என்று எழுதி இந்த வேலைக்கு விண்ணப்பித்தேன். அந்த இரண்டு சொல்லிலும் எழுத்துப்பிழை இல்லை என்பதைத் தவிர வேறு உண்மை இல்லை.

தினமும் காலையில் விடுதிகளுக்குப் போன் போட்டு, எந்த அறை காலி என்று கேட்டுக் கணினியில் ஏற்ற வேண்டும். இங்கேதான் நல்லண்ணனின் ரத்தக்கொதிப்பு ஆரம்பமாகும்.

"அக்கா, ரூம் இருக்கா?"

"இருக்கும்ப்பா."

"இருக்கா, இருக்குமா?"

"அதான் இருக்கும்ங்கறேன்ல!"

போனை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்புவார். "இருக்கு வேற, இருக்கும் வேறலே. இருக்குன்னா கட்டிலு கெடக்கு. இருக்கும்னா நம்பிக்கை கெடக்கு. நம்பிக்கையில எவனாவது படுத்துத் தூங்க முடியுமா?" அந்த அறைக்கு நேரே காலியாக விட்டுவிடுவார். இணையத்தில் அது 'கேட்டுச் சொல்கிறோம்' என்று தெரியும்.

கேட்டுச் சொல்வதற்கு அவரே கிளம்பியும் விடுவார். முன்வாசல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். நேரே பின்பக்கம், துணி காயும் கொடிக்கு. ஒருமுறை வட்டக்கானலில் ரோசாலி அக்கா நடத்தும் விடுதிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கொடியில் நாலு பெட்ஷீட். ஒன்றின் ஓரத்தை முறுக்கிப் பிழிந்தார், மோந்தார்.

"ரெண்டு ரூம் காலி. ஆளு போயி ரெண்டு மணி நேரம் ஆச்சு."

சமையலறையிலிருந்து ரோசாலி அக்கா கரண்டியோடு வந்தார். "எங்க ரூமெல்லாம் ஃபுல்லுன்னுல்ல சொல்லச் சொல்லியிருந்தேன்! மச்சான் வீட்டு ஆளுக வந்தாலும் வருவாகன்னு."

"வந்தாலும் வருவாகளா, வாராகளா?"

"...தெரியல."

"இது பேச்சு!" என்று அக்காவை அவர் பாராட்டிய அழகில், எனக்கே எதையாவது தெரியாது என்று சொல்லிவிடலாம்போல இருந்தது. எனக்கோ அதற்குப் பஞ்சமே கிடையாது. "கம்ப்யூட்டருக்குப் பின்னாடி நடக்குற வேலையப் பேக்கெண்டு பேக்கெண்டுங்கிறீகள்ல, இதான்லே பேக்கெண்டு. முன்னாடி போர்டு பொய் சொல்லும். பின்னாடி கொடி சொல்லாது." எனக்கு ஆறு மாதம் புத்தகத்தில் புரியாதது அந்த ஈரத்துணியில் புரிந்தது. ஆனாலும் திருந்தவில்லை என்பதுதான் மேற்கொண்டு கதை.

மே மாதம் வந்தது. சீசன். எங்கள் பாஸுக்கு இருபத்தேழு வயது, சென்னைக்காரர். வாரம் ஒரு புது ஸ்வெட்டர், நாள் ஒரு புது ஐடியா. ஒரு வெள்ளிக்கிழமை, நல்லண்ணன் பூண்டு அறுவடைக்காகச் சொந்த ஊரான கிளாவரைக்கு லீவில் போயிருந்த நேரம் பார்த்து பாஸ் என்னிடம் வந்தார்.

"இந்தக் 'கேட்டுச் சொல்றோம்' எதுக்குப்பா? பார்த்த உடனே கஸ்டமர் ஓடிடறான். அதையெல்லாம் 'இருக்கு'ன்னு மாத்திடு."

மாற்றினேன். ஒரே ஒரு வரி. என் வாழ்க்கையில் பிழையில்லாமல் முதல் முயற்சியிலேயே ஓடிய நிரல் அதுதான். பதிவுகள் கொட்டின. பாஸ் கீழே பேக்கரியிலிருந்து கேக் வரவழைத்தார். நான் வெட்டினேன்.

சனிக்கிழமை வெள்ளனே நல்லண்ணன் உடம்பெல்லாம் பூண்டு மணக்க வந்து திரையைப் பார்த்தார்.

"ஏலே, என் காலியெல்லாம் எங்கலே?"

சொன்னேன். திட்டவில்லை. குல்லாயைக் கழற்றினார். அவருக்குத் தலைமுடி உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. வரிசையாகப் போன் போட்டோம். காற்றில் லைன் அறுந்து நாலு நாளாகப் பேச முடியாமல் கிடந்து அன்றுதான் லைன் கிடைத்த விடுதிகள், 'இருக்கும்' சொன்ன விடுதிகள் எல்லாம் நிரம்பி வழிந்தன. அவற்றில் நான் பதினோரு குடும்பங்களுக்கு அறை கொடுத்திருந்தேன். பதினோரு குடும்பமும் அப்போது மலையேறிக்கொண்டிருந்தது.

பாஸ் முகம் வெளுத்தது. "ஒரு ஃபேமிலி ரோட்டுல நின்னாலும் சரி, அந்த வரியை எழுதினவன் திங்கட்கிழமை வரவேண்டாம்" என்றார். எழுதச் சொன்னவர் யார் என்பதை அவர் மறந்திருந்தார். எனக்கு அப்பாவும் தட்டும் கண்முன்னால் வந்தார்கள்.

"அழுவுற சோலிய அப்புறம் வச்சுக்க. வெரசா வா" என்றார் நல்லண்ணன். ஒரு ஜீப்பைப் பிடித்தோம். அன்று கொடைக்கானலில் நாங்கள் எட்டிப் பார்க்காத கொல்லை இல்லை. எங்கள் பட்டியலிலேயே இல்லாத வீடுகள், முன்னால் 'ஃபுல்' என்று பலகை தொங்கவிட்ட வீடுகள். பின்பக்கம் போவார், துணியைப் பிழிவார், "ரெண்டு ரூம் கெடக்கு, ஒளிக்காதீக" என்பார். ஒரு வீட்டில் நாய் என்னைத் துரத்தியது. பெட்ஷீட் பிழிந்த அவரை விட்டுவிட்டு, சும்மா நின்ற என்னை. நாய்க்கும் யார் குற்றவாளி என்று தெரிந்திருந்தது.

மதியத்துக்குள் பத்துக் குடும்பம் உள்ளே போயாயிற்று. மிச்சம் விருதுநகர்க்காரர் ஒருவர், மனைவி, நாலு பிள்ளைகள். கொடியெல்லாம் காய்ந்து கிடந்தது, அறையே இல்லை. ஜீப் நான் குடியிருந்த வீட்டைத் தாண்டும்போது நல்லண்ணன் நிறுத்தச் சொன்னார். என்னோடு தங்கியிருந்த இருவரும் ஊருக்குப் போயிருந்தார்கள்.

"ஓன் வீட்டுக் கொடியில ஒண்ணுமே காயலையே. ஆளு இருக்கா, இல்லையா?"

"இல்லைண்ணே. ஆனா அந்தப் போர்வையெல்லாம் துவைச்சு..."

"எவ்வளவு நாளாச்சு?"

"தெரியாதுண்ணே."

"உண்மையச் சொன்ன பாரு. எறங்கு, தொவைப்போம்."

ஜாவா நிபுணரும் அவருடைய மூத்த அதிகாரியும் சேர்ந்து வீட்டைக் கழுவினோம். துவைத்த போர்வை காயாதென்று அவர் தன் வீட்டுக் கம்பளிகளைக் கொண்டுவந்தார். விருதுநகர் அம்மா உள்ளே வந்து நாலு பக்கமும் பார்த்து, "இதுக்கா இம்புட்டு தூரம் வந்தோம்?" என்றாலும், பிள்ளைகள் என் கிரிக்கெட் மட்டையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். குடும்பம் தங்கிவிட்டது.

திங்கட்கிழமை பாஸ் எங்கள் இருவரையும் அழைத்தார். புகார் ஒன்றுதான்: 'அறையில் யாரோ ஒருவருடைய சாக்ஸ் இருந்தது.' சாக்ஸ் யாருடையது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"ரோட்டுல யாரும் நிக்கலை. ஆனாலும் இது யாரோட தப்புன்னு ரிப்போர்ட்ல ஒரு பேர் போட்டாகணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் நல்லண்ணன் பேசினார். "எழுதுனது இவன். எழுதச் சொன்னது நீங்க. ஒத்தையா விட்டுட்டு பூண்டு புடுங்கப் போனது நானு. மூணு பேருல யாருன்னு சொல்லுங்க, போட்டுடறேன்."

பாஸ் தன் ஸ்வெட்டரின் நூலொன்றை இழுத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அந்த வரியை எடுத்துடுங்க. எல்லாத்தையும் பழையபடி மாத்திடுங்க" என்று மட்டும் சொன்னார். ரிப்போர்ட்டில் பெயருக்கான கட்டம் காலியாகவே போனது.

வெளியே வந்ததும் நல்லண்ணனுக்கு ஒரு டீயாவது வாங்கிக் கொடுப்போம் என்று படியிறங்கினேன். பாதிப் படியில் நின்றேன். ஆறு மாதம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும், அந்த மனிதர் டீக்குச் சர்க்கரை போடுவாரா என்று எனக்குத் தெரியாது. வழக்கமாக இரண்டு கரண்டி போடச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறவன் நான். அன்று திரும்ப மேலே ஏறிப் போய், அவரிடமே கேட்டேன்.