நாலரை முயல்கள்

ஒரு காட்டில், மழை பொய்த்த ஒரு வருஷத்தில், முயல்கள் நாற்பத்தைந்து பேர் இருந்தார்கள். வன அலுவலகத்துச் சுவரில் மட்டும் நாலரை பேர் இருந்தார்கள்.

அது எப்படி வந்தது என்றால், அந்த வருஷம் சித்திரை பிறக்கும் முன்பே காட்டுப் புல்லெல்லாம் கருகிப்போனது. ஆற்றங்கரைக் கிடங்கில் இருந்த காய்ந்த புல்லைத் தலைக்கு வாரம் ஒரு கட்டு வீதம் பங்கிட்டுக் கொடுக்கும்படி அரண்மனையிலிருந்து உத்தரவு வந்தது. பங்கிட வேண்டுமானால் தலை எண்ண வேண்டும். அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு வேறு வேலை இருந்தது. ஆகவே எண்ணுகிற வேலையை வழக்கம்போலப் பள்ளிக்கூடத்தின் தலையில் கட்டினார்கள்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவர் சற்குணம் டீச்சர். அவர் ஒரு மைனா. கணக்கில் புள்ளி ஒன்று தவறினால்கூட அன்றைக்கு அவருக்குப் புழு இறங்காது. புதர் புதராகப் பறந்து எண்ணிவிட்டு, பெரிய சார்ட் ஒன்றில் பட விளக்கப்படம் வரைந்தார். மான்களுக்கு எதிரே ஆறு மான். முயல்களுக்கு எதிரே நாலு முழு முயலும், தலையும் முன்னங்காலும் மட்டும் உள்ள ஒரு பாதி முயலும். எல்லாவற்றுக்கும் கீழே சிவப்பு மையில், ‘ஒரு படம் = 10 விலங்குகள்’ என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடும் இட்டார்.

சார்ட்டை அலுவலகச் சுவரில் சோற்றுப்பசை தடவி ஒட்டினார்கள். அந்த அலுவலகத்துப் பியூன் ஒரு வெள்ளாடு. நல்லவர்தான், ஆனால் பசை வாசனை பட்டால் தாங்க மாட்டார். மறுநாள் காலைக்குள் தமக்கு எட்டின வரைக்கும் சார்ட்டின் அடி ஓரத்தைத் தின்றுவிட்டார். மேலே இருந்த படங்கள் பிழைத்தன. சிவப்பு மை வரி அவர் வயிற்றுக்குள் போய்விட்டது.

புல் கொடுக்கிற முதல் நாள், சரளைமேட்டு முயல்கள் நாற்பத்தைந்து பேரும் வரிசையில் நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால் நின்றவள் அஞ்சுகம். அந்த மேட்டில் எந்தக் காரியத்துக்கும் அவளைத்தான் முன்னால் தள்ளுவார்கள். பயம் இல்லாதவள் என்பதால் அல்ல. பயந்துகொண்டே பேசக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் கோதண்டம் என்ற உடும்பு. அவர் லஞ்சம் வாங்கமாட்டார், கோபப்படமாட்டார், ஒருமுறை பிடித்த விதியை விடவும் மாட்டார். சார்ட்டைப் பார்த்தார். நாலு கட்டுப் புல்லை எடுத்து வைத்தார். ஐந்தாவது கட்டைப் பிரித்து, பாதியை அளந்து, அதையும் வைத்தார்.

“அடுத்து யாரும்மா?” என்றார்.

“சார், நாங்க நாற்பத்தஞ்சு பேர்,” என்றாள் அஞ்சுகம்.

“படத்துல நாலரைதான் இருக்கு.”

“பின்னாடி வரிசையைப் பாருங்க சார். எண்ணிக்கூடப் பார்க்கலாம்.”

கோதண்டம் எட்டிப் பார்த்தார். “வரிசையில யார் வேணும்னாலும் நிக்கலாம்மா. படத்துல வர முடியுமா?”

அஞ்சுகம் சுவரைப் பார்த்தாள். யானைகளுக்கு எதிரே அரை யானை இருந்தது. காலையில் யானைகள் ஐந்து பேரும் ஆளுக்கொரு கட்டு தூக்கிக்கொண்டு போனதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள்.

“அரை யானைக்கு அஞ்சு கட்டு கொடுத்தீங்களே சார்.”

“யானைத் தலைவர் வந்து இந்த மேசை மேல தும்பிக்கையை வச்சார்மா. வச்சதுக்கப்புறம் உத்துப் பார்த்தேன். அரை யானையே அஞ்சு ஆளு மாதிரிதான் தெரிஞ்சுது. உருவத்துக்குன்னு ஒரு அளவு இருக்குல்ல. முயலுக்கு அது பொருந்தாது.”

நாலரைக் கட்டை நாற்பத்தைந்து பேர் பங்கு போட்டார்கள். மாசிலாமணியின் பெண்டாட்டி அப்போதுதான் ஆறு குட்டி ஈன்றிருந்தாள். பால் சுரக்கவில்லை. மாசிலாமணி அஞ்சுகத்தின் கொழுந்தன். அவன் தன் பங்கைப் பெண்டாட்டிக்குக் கொடுத்துவிட்டு வேரைச் சப்பிக்கொண்டு கிடந்தான். அஞ்சுகமும் தன் பங்கை அவளுக்கே கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

சற்குணம் டீச்சர் விஷயத்தைக் கேட்டதும் திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடினார்.

“சிவப்பு மையில எழுதினேனே. அடிக்கோடு போட்டேனே.”

“அந்த இடமே இல்ல டீச்சர். ஆடு தின்னுடுச்சு.”

“அதனால என்ன, வரிசையில நாற்பத்தஞ்சு பேரு நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையாமா அந்த மனுஷருக்கு?” என்று சொல்லிக்கொண்டே டீச்சர் ஒரு தாளை எடுத்தார். விஷயம் தெளிவாக இருக்கட்டும் என்று முதலில் அழகான ஒரு முயலை வரைந்தார். பக்கத்தில் சமக்குறி போட்டுப் பத்து என்று எழுதினார். கையெழுத்திட்டுப் பள்ளிக்கூட முத்திரையும் குத்தினார்.

அடுத்த வாரம் அஞ்சுகம் அந்தத் தாளை நீட்டினாள். கோதண்டம் இரண்டு கையாலும் வாங்கிப் படித்தார். முத்திரை உள்ள தாள்கள்மேல் அவருக்கு மரியாதை உண்டு.

“இதை முதல்லயே கொண்டுவந்திருக்கலாமேம்மா,” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்து வரிசையை ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணினார். “நாற்பத்தஞ்சு. ஒண்ணு சமம் பத்து. ஆக நானூத்தி ஐம்பது.”

அஞ்சுகத்துக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. “சார், பத்துங்கிறது படத்துக்கு. ஆளுக்கு இல்ல.”

“இதுல என்ன வரைஞ்சிருக்கு?”

“முயல் படம்.”

“முயல். ஒரு முயல் சமம் பத்துன்னு டீச்சர் எழுதி முத்திரை குத்தியிருக்காங்க. படிச்ச டீச்சரை நான் எதிர்த்துப் பேசணும்கிறியா?”

அஞ்சுகம் மறுபடி வாயைத் திறந்தாள். பின்னாலிருந்து மாசிலாமணி அவள் வாலை மெதுவாக இழுத்தான். “அண்ணி,” என்றான் கீழ்க்குரலில், “அவருதான் படிச்சவர். விடுங்க.”

அவள் கிடங்கைப் பார்த்தாள். வரிசையில் கண் சொருகி நின்றவர்களையும் பார்த்தாள். பிறகு பதிவேட்டில் நானூற்று ஐம்பது என்ற இடத்துக்கு எதிரே பாதத்தைப் பதித்தாள். ஒரு கணம் நெஞ்சு உறுத்தியது. புல் வாசனை வந்ததும் அது கொஞ்சம் அடங்கியது.

மூன்று வாரம் சரளைமேட்டில் கல்யாண வீடு மாதிரி இருந்தது. தின்றது போக மிச்சத்தை வளைக்குள் அடுக்கினார்கள். அடுக்க இடமில்லாததை மெத்தையாகப் போட்டார்கள். மாசிலாமணியின் ஆறு குட்டிகளும் உருண்டையாக ஆகிவிட்டன.

அதே சமயத்தில் அரண்மனையிலும் ஒரு வரைபடம் தொங்கிக்கொண்டிருந்தது. புலி ராஜா மாதாமாதம் அடித்த இரையின் கோட்டு வரைபடம். கோடு ஐந்து மாதமாகக் கீழேயே இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த மந்திரிகள் நெடுநேரம் யோசித்து, மான்களின் வேகம் கூடியிருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். ராஜாவுக்கு மூட்டு போய்விட்டது என்ற முடிவுக்கு வரவும் அந்தக் கோட்டில் இடம் இருந்தது. வருவதற்குத்தான் ஆள் இல்லை.

எனவே இனி ராஜா ஓட வேண்டாம், பதிவேட்டில் உள்ளபடி ஒவ்வோர் இனமும் பத்துக்கு ஒருவரை அனுப்பிவைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். இந்த மாதம் மானும் முயலும். அடுத்த மாதம் பறவைகள். வெள்ளிக்கிழமை காலை, குளித்துவிட்டு, சமையல்கட்டுப் பக்கத்து வாசலில்.

முயல்களுக்கு வந்த ஓலையில், ‘மொத்தம் 450. அனுப்ப வேண்டியது 45’ என்று இருந்தது.

அஞ்சுகம் அதை மூன்று தடவை படித்தாள். மாசிலாமணி கேட்டான்: “நாற்பத்தஞ்சு பேர் போயிட்டா மிச்சம் எத்தனை அண்ணி?”

“பதிவேட்டுல நானூத்தி அஞ்சு பேர் இருப்பாங்க,” என்றாள் அவள்.

வியாழக்கிழமை அலுவலகம் திறக்கும்போது அவள் வாசலில் நின்றாள்.

“சார், அந்த நானூத்தி ஐம்பது தப்பு. நாங்க நாற்பத்தஞ்சு பேர்தான்.”

கோதண்டம் பலகையில் போட்டுப் பார்த்தார். “நாற்பத்தஞ்சுன்னா பத்துக்கு ஒண்ணு, நாலரை வருது. அரை வந்தா மேல முழுசாக்கணும். அஞ்சு பேர் அனுப்பணும். திருத்திடவா?”

ஐந்து பேர். அஞ்சுகம் வாசல் பக்கம் திரும்பினாள். துணைக்கு வந்தவர்கள் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இவர்களில் யாரை என்று ஒரே ஒரு தரம் மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். முதல் பெயரிலேயே எண்ணுவதை நிறுத்திவிட்டாள். திரும்பவும் மேசைப் பக்கம் பார்த்தாள். சுவரில் நாலு முழு முயலும் ஒரு பாதி முயலும் இருந்தன.

“சார், டீச்சர் லெட்டர் பெருசா, சுவத்துல இருக்கிற படம் பெருசா?”

கோதண்டத்தின் முகத்தில் ஒரு களை வந்தது. அவரிடம் இந்த மாதிரிக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. “படம் மூல ஆவணம்மா. லெட்டர் இணைப்பு. ரெண்டுக்கும் முரண்பாடு வந்தா மூலம்தான் செல்லும்.”

“படத்துல நாங்க எத்தனை?”

“நாலரை.”

“அவ்வளவுதான் சார் நாங்க.”

“அன்னைக்கு நானே தொட்டு எண்ணினேனே. நாற்பத்தஞ்சு இருந்துச்சே.”

அஞ்சுகத்தின் மூக்கு துடித்தது. “ஒருத்தரைப் பத்தா எண்ணியிருப்பீங்க சார். லெட்டர்ல அப்படித்தானே இருந்துச்சு.”

கோதண்டம் நாலரையைப் பத்தால் பெருக்கினார். நாற்பத்தைந்து வந்தது. இன்னொரு தடவை பெருக்கினார். அப்போதும் நாற்பத்தைந்துதான் வந்தது. “அட, ஆமா,” என்றார். தம் கணக்குக்கு இவ்வளவு சரியாக விடை வந்து அவர் பார்த்ததில்லை. “அப்ப நாலரைக்குப் பத்துல ஒண்ணு, பூஜ்யம் புள்ளி நாலு அஞ்சு. அரைக்குக் கீழ. முழுசாக்கினா பூஜ்யம். ஒருத்தரும் வர வேண்டாம். ஆனா மூணு வாரமா வாங்கின புல்லு எங்கம்மா?”

“தின்னாச்சு சார்.”

“நாலரை பேரா?”

“நல்ல பசி சார்.”

அவர் அதையும் எழுதிக்கொண்டார். “எதுக்கும் நேர்ல ஒரு ஆய்வு பண்ணணும். சாயந்தரம் வரேன். எல்லாரும் வெளியில நில்லுங்க.”

சாயங்காலம் சரளைமேட்டில் நாலு முயல்கள் வரிசையாக நின்றார்கள். நாற்பது பேர் குட்டிகளோடு வளைக்குள் ஒருவர் மேல் ஒருவராக அடைந்து கிடந்தார்கள். வளையின் வாயில் அஞ்சுகம் நின்றாள். தலையும் முன்னங்காலும் வெளியே. மற்றதெல்லாம் உள்ளே. பாதியாக நிற்பது லேசான வேலை இல்லை. பின்னாலிருந்து நாற்பது பேரின் மூச்சு முதுகில் சுட்டது. யாரோ ஒருவர் அவள் காலை மிதித்துக்கொண்டிருந்தார்.

கோதண்டம் கையோடு எழுதி வந்த குறிப்பைப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பிறகு அஞ்சுகத்தின் முன்னால் குனிந்தார்.

“நீதானா அந்தப் பாதி? இத்தனை நாள் பேசியிருக்கோம், நான் கவனிக்கவே இல்லையேம்மா.”

“மேசைக்கு அந்தப் பக்கத்துல இருந்து பார்த்தா பாதிதானே சார் தெரியும்.”

அந்த நேரம் பார்த்து உள்ளே ஒரு குட்டி தும்மியது.

கோதண்டம் நிமிர்ந்தார். “உள்ள யாரு?”

“என் மிச்சப் பாதி சார்,” என்றாள் அஞ்சுகம். “சளி பிடிச்சிருக்கு.”

அவர் அவளைப் பார்த்தார். குறிப்பைப் பார்த்தார். தலையும் முன்னங்காலும் என்றுதான் அதில் இருந்தது. தும்மலைப் பற்றி ஒன்றும் இல்லை. சரிபார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, “உடம்பைப் பார்த்துக்கம்மா, இருக்கிறதே பாதி,” என்று சொல்லிக் கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை காலை மான்களில் ஆறு பேர் குளித்துவிட்டுப் போனார்கள். மான் தலைவர் முதல் வாரமே மேசை மேல் கொம்பை வைத்துப் பதிவேட்டில் அறுபது என்று எழுத வைத்திருந்தார். அறுபது என்பது அப்பழுக்கில்லாத கணக்கு. அதில் விவாதிக்க ஒன்றும் இல்லை. முயல்கள் அன்றைக்கு யாரும் வெளியே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சற்குணம் டீச்சர் ஒரு பெரிய சுருளைக் காலில் இடுக்கிக்கொண்டு சரளைமேட்டுக்கு வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

“அஞ்சுகம், மறுபடி முழுசா வரைஞ்சிட்டேன். இந்தத் தடவை ‘ஒரு படம் சமம் பத்து’ன்னு மேல எழுதியிருக்கேன், கீழ எழுதியிருக்கேன், நடுவுலயும் எழுதியிருக்கேன். எந்த ஆட்டாலயும் தின்ன முடியாது. இனிமே உங்களை யாரும் நாலரைன்னு சொல்லமாட்டாங்க.”

“டீச்சர், நாலரையாவே இருந்துட்டுப் போறோம். தயவுசெஞ்சு இதை ஒட்டாதீங்க.”

“அதெப்படி? கணக்குன்னா கணக்குதான். தப்பான படத்தைச் சுவத்துல வச்சுட்டு நான் எந்த முகத்தோட பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கிறது?”

அஞ்சுகம் சுருளை மெதுவாகப் பிரித்தாள். அவள் பாதம் பறவைகளின் வரிசையில் வந்து நின்றது.

“மைனா ஒன்பது படம் போட்டிருக்கீங்க டீச்சர்.”

“ஆமா. தொண்ணூறு பேர். எங்க அக்கா வீட்டோட சேர்த்து.”

“அடுத்த மாசம் பறவைங்களாம். பத்துக்கு ஒண்ணு.”

டீச்சர் படத்தைப் பார்த்தார். அவர் வாய் மெல்ல அசைந்தது, வாய்ப்பாடு சொல்வதுபோல. பிறகு, “ஒன்பதுக்குப் பத்துல ஒண்ணு எவ்வளவு?” என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே, “பூஜ்யம் புள்ளி ஒன்பது. அது ஒண்ணாயிடும்,” என்றார்.

“நாலு படம் மட்டும் போட்டீங்கன்னா பூஜ்யம் ஆயிடும் டீச்சர்,” என்றாள் அஞ்சுகம்.

டீச்சர் அந்த ஒன்பது மைனாக்களையும் இன்னொரு தடவை எண்ணினார். சுருளைச் சுருட்டிக் காலில் இடுக்கிக்கொண்டு பறந்துபோனார். போகிற வழியில் வெள்ளாட்டைப் பார்த்து, நின்று, நலம் விசாரித்தார் என்று சொல்கிறார்கள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் பட விளக்கப்படப் பாடம். கரும்பலகையில் நாலு மைனா படம் இருந்தது. முன் வரிசையிலிருந்து ஓர் அணில் எழுந்து, “டீச்சர், ஒரு படம் சமம் எத்தனைன்னு கீழ போடலையே?” என்று கேட்டது.

சற்குணம் டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

“அது பரீட்சைக்கு வராது,” என்றார். “அடுத்த பக்கம் திருப்புங்க.”

நீதி: ஒரு படத்தைப் பார்த்து முடிவுக்கு வருமுன், அந்தப் படத்தைக் கேட்டு வந்திருப்பவர் சாப்பாடு போட வந்தவரா, சாப்பிட வந்தவரா என்று பார்த்துக்கொள்ளவும்.