ஐந்நூறு சொற்களில் தண்ணீர்

மனிதன் எழுத்தை எதற்காகக் கண்டுபிடித்தான் என்ற கேள்விக்கு அறிஞர்கள் பலவாறு விடை சொல்லியிருக்கிறார்கள். வரலாற்றுக்காக என்பார்கள், வழிபாட்டுக்காக என்பார்கள். சரியான விடை குன்னூர் பஜாரில், வர்க்கி சுடும் பேக்கரியின் மாடியில் உள்ள என் அலுவலகத்தில் இருக்கிறது. எம்.பி.ஏ. விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய ஐந்நூறு சொல் கட்டுரைக்காகவே எழுத்து பிறந்தது. அதற்கு முன் எழுதப்பட்டவை எல்லாம் ஒத்திகை.

என் நிறுவனத்தின் பெயர் 'அகத்தேடல்'. வரும் பிள்ளைகளின் அகத்தில் நான் தேடுவேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அது அவர்கள் குற்றமல்ல. வேளாவேளைக்குச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஆனால் பெரிய வணிகப் பள்ளிகள் இரக்கமில்லாமல் ஒரே கேள்வியைக் கேட்கின்றன: 'நீங்கள் யாருடைய வாழ்க்கையை மாற்றினீர்கள்?' படித்துவிட்டுப் பிள்ளைகள் என்னைப் பார்ப்பார்கள். நான் ஜன்னல் வழியே மூடுபனியைப் பார்ப்பேன். இந்த மௌனத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு.

ஊட்டியில் சாக்லேட் கடை வைத்திருப்பவரின் மகள் ஸ்வேதாவும் அப்படித்தான் வந்தாள்.

"அங்கிள், எங்க ஊட்டு நாயை ஒருக்கா ஊசி போடக் கூட்டிட்டுப் போனேனுங்க. அது வாழ்க்கைய மாத்துனதுல வருங்களா?"

"நாய் இப்ப எப்படி இருக்கு?"

"செத்துப் போச்சுங்க."

"மாற்றம்தான். ஆனா அவங்க எதிர்பார்க்கறது வேற," என்றேன்.

இத்தகைய நெருக்கடிகளுக்கென்றே, நாடுகாணிக்குப் போகும் வழியில் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம் ஒன்றைப் பேணி வருகிறேன். வரிசையாகச் சில ஓட்டு வீடுகள். தண்ணீர் வசதி இல்லை. பெண்கள் சரிவில் இறங்கி ஓடையில் மொண்டு வர வேண்டும். அதே ஓடைக்கு யானைகளும் வரும். நாட்டின் வருங்கால நிர்வாகிகள் பலருக்கு ஞானப்பால் ஊட்டியது இந்த ஓடைதான்.

முறை எளிது. மாணவர் முற்றத்தில் ஒரு தூண் நட்டு, அதில் ஒரு குழாயைப் பொருத்துவார். பின்னால் பைப் கிடையாது. ஒருவர் தூணுக்குப் பின்னே குந்திக்கொண்டு சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுவார். படம் எடுத்தால் 'தண்ணீர் வந்தது'. அடுத்த மாணவர் முந்தையவரின் குழாயைத் திறந்து பெயர் வாங்குவதை எங்கள் தொழில் தர்மம் அனுமதிக்காது. அவர் புதிதாக ஒன்று நடுவார். இப்போது லயத்தில் வீட்டுக்கு வீடு குழாய். குடத்தை மட்டும் ஓடைக்கு எடுத்துப் போக வேண்டும்.

ஸ்வேதாவுடன் நான் போய் இறங்கியபோது, கொழுந்து பறித்துவிட்டு வந்த தெய்வம்மா வரவேற்றார்.

"வாங்க பாப்பா. எங்கள எப்படி மாத்தப் போறீங்க? கை கழுவச் சொல்லித் தர்றதா, தண்ணி கொண்டாறதா?"

"தண்ணிங்க ஆண்ட்டி."

"அப்பக் கொஞ்சம் இருங்க. சேலைய மாத்திக்கிட்டு வர்றேன். தண்ணிக்குக் கிழிஞ்சதுதான் எடுப்பா இருக்கும்."

வந்தார். குழாயடியில் கையேந்தி நின்றபடி என்னிடம் கேட்டார்: "மொத சொட்டுலயே அழணுமா சார், குடிச்சிட்டு அழணுமா?"

"குடிச்சிட்டு."

குடித்தார், அழுதார். ஸ்வேதா நிஜமாகவே அழுதாள். அந்தக் கட்டுரைக்கு அவள் கேட்ட பள்ளியிலேயே பின்னர் இடம் கிடைத்தது.

அன்று கிளம்பும்போது தெய்வம்மா ஜீப்புக்கு அருகில் வந்தார்.

"சார், போன மாசம் ஓடையில ஆனை தொரத்தி என் மருமக ஜோதிமணி வுழுந்து கால ஒடிச்சுக்கிட்டா. இனி வெயில் காலம், ஆனைங்க அங்கயேதான் நிக்கும். ஆபீசுல கேட்டா கம்பெனிக்கு எழுதச் சொல்றாங்க. நீங்க எழுதுனா யாரா இருந்தாலும் நம்பிருவாங்களாமே. நெசமாவே தண்ணி வர்ற மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்க."

'நிஜமாகவே' என்று இதற்குமுன் எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை. வெகுநேரம் மௌனமாக இருந்தேன். இலவசமாக. பிறகு முறைப்படி கேள்விகளைத் தொடங்கினேன்.

"இந்த அனுபவத்துல இருந்து என்ன கத்துக்கிட்டீங்க?"

"எந்த அனுபவம் சார்?"

"தண்ணி இல்லாத அனுபவம்."

"தண்ணி வேணும்னு கத்துக்கிட்டோம்."

"உங்க தலைமைப் பண்பு எப்ப வெளிப்பட்டுச்சு?"

தெய்வம்மா யோசித்தார். "ஆனை வந்தப்ப நான்தான் சார் எல்லாருக்கும் முன்னால ஓடுனேன்."

'முன்னின்று வழிநடத்தினார்' என்று குறித்துக்கொண்டேன்.

குன்னூர் திரும்பி, தெய்வம்மாவின் பெயரில் எழுதினேன். என் வாழ்நாளின் தலைசிறந்த கட்டுரை அது. முதலில் ஓடை, பிறகு யானை, பிறகு ஒடிந்த கால். ஆனால் துன்பத்தை அப்படியே விட்டுவிட்டு ஒரு கட்டுரையை முடிப்பது அநாகரிகம். எந்தக் கட்டுரையும் வெற்றியில்தான் முடிய வேண்டும். பழகிய கை கடைசிப் பத்தியைத் தானாகவே எழுதிற்று: 'இன்று எங்கள் லயத்தில் தண்ணீர் ஓடுகிறது. ஆனால் நாங்கள் உண்மையில் பெற்றது தண்ணீரை அல்ல, தன்னம்பிக்கையை.'

கம்பெனியின் மக்கள் நலப் பிரிவுக்குத் தலைவர் டெனின், என் பழைய மாணவர். அந்த லயத்தில் முதல் குழாயை நட்டு, அந்தக் கட்டுரையால் பெரிய பள்ளியில் சேர்ந்து, இந்தப் பதவிக்கு உயர்ந்தவர். படித்ததும் என் நடை என்று கண்டுகொண்டு எனக்குப் போன் செய்தார்.

"சார், நான் விட்ட தண்ணி இன்னும் ஓடுதுங்களா?"

"டெனின், அந்தக் குழாய்க்குப் பின்னால பைப்பே கிடையாதுங்க. சொம்பு வாங்கிட்டு வந்ததே நீங்கதான்."

நீண்ட மௌனம். என்னிடம் படித்தவர் அல்லவா.

"என் கட்டுரையில பைப் இருக்குதுங்களே சார்," என்றார். "இன்டர்வியூவுல அத்தனை பேராசிரியருங்க முன்னால சொன்னேன். ஒருத்தர் கூட இல்லைன்னு சொல்லலீங்க. இப்ப அந்தம்மாவும் ஓடுதுன்னே எழுதியிருக்காங்க. இந்த வருசம் பைப் போடற லிஸ்ட்ல அந்த லயம்தான் இருந்துச்சு. எடுத்துட்டேனுங்க. இருக்கறவங்களுக்கே மறுபடி குடுக்கறது நியாயமில்லீங்களே."

இவ்வளவு நாணயமான அதிகாரியை உருவாக்கியதில் எனக்குப் பெருமை. கம்பெனி அனுப்பிய பாராட்டுக் கடிதத்தை நானே லயத்துக்குக் கொண்டுபோய் வாசித்தேன். மாவுக்கட்டுக் காலை நீட்டி வாசலில் உட்கார்ந்திருந்த ஜோதிமணி கைதட்டலாமா என்று மாமியாரைப் பார்த்தாள்.

"அப்பத் தண்ணி வராதா சார்?" என்றார் தெய்வம்மா.

"வந்துருச்சுங்கறாங்க."

"எங்க?"

"கோப்புல."

அவர் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க," என்றார். "நம்மளும் அந்தக் கோப்புக்கே குடி போயிறலாம் போல இருக்கு." சரிவில் இறங்கினார்.

எழுத்தால் மக்களின் தாகத்தைத் தீர்க்க முடியாது என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கம்பெனிக்குப் போய் அந்தக் கோப்பைப் புரட்டிப் பார்க்கட்டும். தாகத்தோடு ஒருவர்கூட அதில் இல்லை. அப்படிப்பட்டவர்களை எல்லாம் நாங்கள் யானைகளிடம் அனுப்பிவிட்டோம்.